வீட்டில் கிடக்கும் பழைய தமிழ்ப் புத்தகம் விலை போகுமா?

தாள் பழுத்துவிட்டதாலேயே மதிப்பு வந்துவிடாது. நூறு வயதானாலும், ஊரெல்லாம் கிடைக்கிற இராமாயண வசனத்தை வாங்க ஆள் குறைவு. எந்தப் பதிப்பு, முழுசாக இருக்கிறதா, வேறு பிரதி கிடைக்குமா, இந்த மூன்றையும் பார்த்தபிறகுதான் விலைப் பேச்சு.

முதலில் ஆண்டு. தலைப்புப் பக்கத்தில் ‘௧௮௯௪’ என்று தமிழ் எண்ணில் இருக்கலாம். ‘விஜய வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1893-94 ஆகவும் இருக்கலாம், 1953-54 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சி. ஆண்டே இல்லையென்றால் விலையைப் பாருங்கள். அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957-64. முகவரியில் ‘சென்னை 600 017’ என்று ஆறிலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அச்சடித்த விலையை மட்டும் நம்புங்கள். தேங்கிய பிரதிகளில் புதுவிலையை ரப்பர் ஸ்டாம்பு குத்தி விற்பது பதிப்பாளர்களின் பழைய வழக்கம்.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டி ‘முதற்பதிப்பு’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்பின் முன்னுரைக்கு அடியில் முதல் பதிப்பின் தேதி இருக்கும். பலரும் ஏமாறுவது அங்கேதான்.

பிறகு பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பின் ஸ்கேன் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். படத்தாள் காணாமல் போயிருந்தால் தெரிந்துவிடும். மறுபைண்டிங்கில் ஓரம் வெட்டுப்பட்டதா, மேலட்டை போனதா, பூச்சி துளைத்ததா, நூலக முத்திரை உண்டா எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். ஆசிரியரின் கையெழுத்து ஏற்றும்.

வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்த பைண்டு வால்யூம்களைக் குப்பை என்று போட்டுவிடாதீர்கள். கதை புத்தகமாக வந்திருக்கும். ஆனாலும், ஓவியர் மணியம் போன்றோர் வரைந்த படங்களுக்காகவே தேடுகிறவர்கள் உண்டு.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் தேடுங்கள். அங்கேயும் இல்லாத பதிப்பென்றால் விற்க அவசரப்படவேண்டாம். இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. விற்றுப்போன விலையைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். இரண்டு பழைய புத்தகக் கடைகளிலாவது கேளுங்கள். கடைக்காரர் லாபம் வைத்துத்தான் கேட்பார்.

அதுவரை செல்லோடேப் ஒட்டவேண்டாம், வெயிலில் காயவைக்கவேண்டாம், புதிதாக பைண்டு போடவும் வேண்டாம். 75 ஆண்டு கடந்த, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப்படியோ ஓலைச்சுவடியோ என்றால் வெளிநாட்டுக்கு விற்றனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை.