சீனப் பீங்கான் சேகரிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சிங்கப்பூரில் பழம்பொருள் ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நாள்களில், புதிய சேகரிப்பாளர்கள் என் பழைய தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கைதவறி உடைப்பது, பேரம் பேசாமல் வாங்குவது ஆகியவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை பட்டுத் தெளிய வேண்டியவை.

கல்லறைப் பொருளை வரவேற்பறையில் வைப்பது

தாங் காலத்து (618–907) மூவண்ணக் குதிரைகளும் ஒட்டகங்களும் இறந்தவருடன் புதைப்பதற்காகச் செய்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுவோயாங் பக்கம் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோதுதான் அவை பெருமளவில் வெளியே வந்தன. கல்லறைப் பொருளை வீட்டுக்குள் சேர்க்கப் பழைய சீனக் குடும்பங்கள் தயங்கின. உங்கள் கூடத்தில் அசல் குதிரை நின்றால், விருந்துக்கு வரும் சீனப் பெரியவர் முகம் சுளிக்கக்கூடும். அதே வகைத் தட்டில் பழம் அடுக்கவும் வேண்டாம். அந்த மெருகில் ஈயம் இருக்கிறது.

மஞ்சள் என்றாலே பேரரசரின் தட்டு என்பது

சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்து அரண்மனையில் மஞ்சளுக்குள்ளேயே படிநிலை இருந்தது. உள்ளும் புறமும் மஞ்சளான கிண்ணம் பேரரசிக்கு உரியது. வெளியே மஞ்சளும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அவருக்கு அடுத்த துணைவிக்கு. மஞ்சள் மேல் பச்சை டிராகன் இருந்தால் அதற்கும் கீழே. இது சாப்பாட்டு மேசைக் கணக்கு. வழிபாட்டுக் கலமாக இருந்தால் கணக்கே வேறு: வானத்துக்கு நீலம், மண்ணுக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர்நீலம்.

அடிமுத்திரையைப் பிறப்புச் சான்றிதழாக நம்புவது

கிண்ணத்தை எடுத்ததும் கவிழ்ப்பார்கள். அடியில் நீலத்தில் ஆறு எழுத்துகள்: மிங் வம்சத்துச் செங்ஹுவா ஆட்சியில் செய்தது. அதாவது 1465க்கும் 1487க்கும் இடையில். உடனே பணப்பை திறக்கும். பிற்காலக் குயவர்கள் மிக அதிகமாக எழுதிய பழைய முத்திரைகளில் இதுவும் ஒன்று என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

இந்த ஏமாளிகளை மன்னித்துவிடலாம். எனக்கு எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த படியில் நிற்பவர்கள். முத்திரை பொய் என்று கண்டுபிடித்ததும், பொருளும் போலி என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா வீட்டில் மாமியார் வழி வந்த நீலவெள்ளைக் கிண்ணம் ஒன்று இருந்தது. தேநீர் குடிக்க வந்த அரைகுறை நிபுணர் ஒருவர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, “செங்ஹுவா இல்லை, போலி” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா அதை ஒரு கடையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். பிறகு அதே கிண்ணத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தேன். அடிவளையம் வழுவழுவென்று சீவப்பட்டிருந்தது. நீலம் அடர்த்தியிலிருந்து நீர்த்த சாயல் வரை படிப்படியாக இறங்கியது. செங்ஹுவா இல்லைதான். ஆனால் சிங் பேரரசர் காங்ஷி காலத்து (1662–1722) அசல் பொருள். விலைச்சீட்டைப் பார்த்ததும் அந்த நிபுணர் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

காங்ஷி காலத்தில் எதற்காகச் செங்ஹுவா பெயரை எழுதினார்கள்? 1677இல் பீங்கான் சூளைகளுக்குப் பெயர்போன ஜிங்டெஜென் வட்டாரத்தின் அதிகாரி ஒருவர், பீங்கானில் நடப்புப் பேரரசரின் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். கலம் உடைந்து குப்பைக்குப் போனால் பேரரசர் பெயர் காலில் மிதிபடுமே என்ற அச்சம். குயவர்கள் அடியில் ஓர் இலையை வரைந்தார்கள், அல்லது முத்திரையைச் சுற்றி வரையும் இரட்டை வட்டத்தை வெறுமையாக விட்டார்கள், அல்லது போன வம்சமான மிங் பேரரசர்களின் பெயரை எழுதினார்கள். முன்னோர் செய்த உருவத்தையும் பெயரையும் மீண்டும் எடுப்பது அங்கே மரியாதையும்கூட. அடுத்து வந்த பேரரசர் யோங்ஜெங் காலத்தில் (1723–1735) அரண்மனையே மிங் காலக் கலங்களையும் அதற்கும் முந்தைய சோங் வம்சக் காலக் கலங்களையும் பார்த்துச் செய்யச் சொல்லி ஜிங்டெஜென் சூளைகளுக்கு உத்தரவிட்டது. ஏமாற்றும் நோக்கத்தோடு எழுதிய முத்திரைகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதைத் தீர்மானிக்க எழுத்து மட்டும் போதாது.

காங்ஷியின் பெயரும் இதே பாடுபட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி நீலவெள்ளை ஜாடிகள் பலவற்றில் நான்கெழுத்துக் காங்ஷி முத்திரை இருக்கிறது. ஆகவே முதலில் வடிவம், எடை, அடிவளையம், மெருகு, நீலத்தின் தன்மை. முத்திரையைக் கடைசியில் பாருங்கள்.

மேற்பூச்சு வண்ணத்தையும் தங்கத்தையும் தேய்த்துக் கழுவுவது

வேண்டவே வேண்டாம்.

கறுப்புக் கிண்ணத்தை அழகில்லை என்று ஒதுக்குவது

சோங் காலத்தில் தேயிலைத் தூளை வெண்ணுரை வரும்வரை அடித்துக் குடித்தார்கள். ஃபூஜியான் மாகாணத்தின் ஜியான் கிண்ணம் கறுப்பாக இருப்பதே அந்த நுரை எடுப்பாகத் தெரியத்தான்.

எதற்குப் பயன்பட்டது என்று கேட்காமல் வாங்குவது

2014இல் ஹாங்காங் ஏலத்தில் கோழிகள் வரைந்த செங்ஹுவா காலக் ‘கோழிக் கிண்ணம்’ ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. அதை வாங்கிய சீனக் கோடீஸ்வரர் லியூ யிசியான் அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். ஐந்து நூற்றாண்டுப் பழமையான பொருளில் குடிப்பதா என்று பலர் கொதித்தார்கள். குடித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது மதுக் கிண்ணம்.