கிழக்கு மூளை, மேற்கு மூளை: காசிமேட்டில் சோதிப்பது எப்படி?

கிழக்கத்தியர் பொருள்களை உறவை வைத்துச் சேர்ப்பார்கள், மேற்கத்தியர் வகையை வைத்துச் சேர்ப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு; அதைச் சோதிக்க ஒரு துண்டுத் தாளில் மாடு, கோழி, புல் மூன்றையும் வரைந்துகொண்டு, காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன் யாரிடமாவது "இதுல எந்த ரெண்டுண்ணா சேரும்?" என்று மட்டும் கேளுங்கள், உதாரணம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். மாடும் புல்லும் என்றால் உறவைப் பார்க்கிறார், மாடு புல்லைத் தின்னும். மாடும் கோழியும் என்றால் வகையை, இரண்டும் பிராணி. 1972-இல் சியூ என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் சீனப் பிள்ளைகள் முதல் பக்கமும் அமெரிக்கப் பிள்ளைகள் இரண்டாம் பக்கமும் சாய்ந்தார்கள். எனக்குக் கிடைத்த அண்ணன் "கோழியும் புல்லைக் கொத்தும்பா" என்று மூன்றையும் சேர்த்துவிட்டார்! அதனால் அப்புறம் ஏன் என்றும் கேளுங்கள், காரணம்தான் முக்கியம். ஒருவரை வைத்து 'கிழக்கே இப்படித்தான்' என்று கிளம்பிவிடாதீர்கள், 2014-இல் தால்ஹெல்ம் என்ற ஆய்வாளரின் குழு இதே மாதிரிச் சோதனையில் சீனாவுக்குள்ளேயே நெல் விளையும் பகுதிக்கும் கோதுமைப் பகுதிக்கும் வித்தியாசம் கண்டது.