பழைய காரில் இக்னிஷன் காயில் சூடேறியதை நிறுத்திய விதம்

அரை மணி ஓடியதும் எஞ்சின் இருமும், அணையும். பிளக்கில் பொறி வர உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயில் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

காயிலின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, + − முனைகளுக்கு இடையே அளந்தேன்: 1.5 ஓம். காரிலோ காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரே இல்லை. கோளாறு அங்கேதான். எஞ்சின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டில் இந்தக் காயில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 ஓம் காயில் 5-க்குள் நிற்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் பாதியானால் அதே 1.5 ஓம் காயிலில் சூடு கால்பங்காகிவிடும். காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட்டும் சீக்கிரம் கருகாது.

+ முனைக்கு வரும் ஒயரில் 1.5 ஓம் பேலஸ்ட்டைத் தொடராகச் சேர்த்தேன். அதுவே நன்றாகச் சுடும். ஒயர், பிளாஸ்டிக் படாமல் உலோகத்தில் முடுக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் காயில் + முனையில் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டினால் சரி. முழு 12 காட்டினால், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டி முழு வோல்ட்டைத் தரும், ஸ்டார்ட்டரிலிருந்து வரும் பைபாஸ் ஒயர் விடுபடாமல் மாட்டியிருக்கலாம். பேலஸ்ட் இல்லாமல் 3 ஓம் காயில் போட்டாலும் போதும். இரண்டையும் சேர்த்தால் பொறி மெலியும்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் இருந்தால் அதற்கான மின்சாரத்தை பேலஸ்ட்டுக்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும்.

காயிலை எஞ்சின் பிளாக்கிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) மாற்றியதும் உதவியது. இன்னொன்று, எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை ஆனில் விடவே கூடாது. பாயிண்ட் மூடி நின்றிருந்தால் சில நிமிடங்களில் காயில் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும்.