ஏர் ரைபிளுக்குப் பெல்லட் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஞாயிறானால் கோயம்புத்தூருக்கு ரைபிள் பழகப் போகும் பிள்ளைகள் சிலர் உண்டு. வேட்டைப் பேச்செல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தைய தாத்தாக்களுடையது. இவர்களுடையது 10 மீட்டர் ஏர் ரைபிள், காகித இலக்கு. எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த கம்பெனி பெல்லட் நல்லது?" பெல்லட் என்பது இதில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு.

அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது. நண்பனின் துப்பாக்கியில் ஒரே ஓட்டையில் விழும் பெல்லட், அதே மாடலான உங்கள் துப்பாக்கியில் சிதறலாம். குழலுக்குக் குழல் உட்புறம் மயிரிழை மாறும். அதனால்தான் ஒரே பெல்லட்டை 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று முன்புறத் தலையின் அளவை மாற்றி விற்கிறார்கள். எது பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்லும், விலை சொல்லாது.

சரி, சோதிக்கிறோம். ஐந்து குண்டு சுட்டு, குரூப், அதாவது காகிதத்தில் ஓட்டைகள் சேர்ந்து விழும் கூட்டம், சின்னதாக வந்ததும் துள்ளிக் குதிப்பது அடுத்த தவறு. ஐந்து குண்டு அதிர்ஷ்டத்திலும் சேரும். ஒவ்வொரு டின் பெல்லட்டுக்கும் பத்துப் பத்தாக நாலைந்து குரூப்பாவது வேண்டும், அதுவும் துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் கிளாம்பில் வைத்து. நின்றுகொண்டு சுட்டால் நீங்கள் சோதிப்பது பெல்லட்டை இல்லை, உங்கள் மூச்சை. டின் மாற்றியதும் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். துப்பாக்கியின் காற்று சிலிண்டரில் காற்று குறைந்த நிலையில் ஒரு டின், நிரப்பிய பிறகு இன்னொரு டின் என்று சுட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பார்கள். இலக்கின் நடுவில் 10 மதிப்பெண் தரும் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். ஒரு மதிப்பெண்ணையும் பத்தாகப் பிரிக்கும் தசமக் கணக்கில் 0.25 மில்லிமீட்டர் விலகினால் 0.1 மதிப்பெண் போச்சு. குண்டுக்கு 0.1 என்றாலும் 60 குண்டுக்கு 6. ஆனால் ஒவ்வொரு பெல்லட்டையும் தராசில் போட்டுப் பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த நேரத்துக்கு இன்னும் நூறு குண்டு சுடலாம்.

என்னுடைய பெரிய முட்டாள்தனம் வேறு. டின்னை பைக் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் போய்வந்தேன். இரண்டு வாரம் குரூப் விரிந்துகொண்டே போக, கை நடுக்கம் என்று நினைத்தேன். "ஈயம் மோனே, கல்லல்ல," என்றார் பாலக்காட்டுக்காரப் பெரியவர் ஒருவர். டின்னைக் கவிழ்த்து, பெல்லட்டுகளைக் கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினார். நல்லது வட்டமடித்து வழுக்கிக்கொண்டு போனது. பாவாடை மாதிரி விரிந்த பின்புறம் நசுங்கியது தத்தித் தத்தி நின்றது. பத்தில் மூன்று தத்தியது. இப்போது டின் மூடிக்குள் ஸ்பாஞ்ச் வைத்துத் தோள்பையில் எடுத்துப் போகிறேன்.

பிடித்த பெல்லட் கிடைத்ததும் ஒரே ஒரு டின் வாங்கி வருவதும் வீண். 500 குண்டு எத்தனை நாளைக்கு? அடுத்த டின்னில் பெயரும் அளவும் அதேதான் இருக்கும், லாட் நம்பர், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண், மாறியிருக்கும், சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். டின்மேல் உள்ள நம்பரைப் பார்த்து, முடிந்த அளவு ஒரே லாட்டில் வாங்கி வையுங்கள்.

அப்புறம், ஈயம் தொட்ட கையோடு பழம்பொரி வேண்டாம். முதலில் சோப்பு.