விரல் அசைவில் மூளையைப் பார்ப்பது: எஃப்.எம்.ஆர்.ஐ முதல் பாடம்

பார்க்கின்சன் நோயாளியின் சாதாரண எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் வரும். பக்கவாதம், கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்பதற்குத்தான் அது உதவும். அசைவை நடத்தும் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்க எஃப்.எம்.ஆர்.ஐ வேண்டும்; மூளையில் வேலை செய்யும் பகுதியில் ரத்த ஆக்சிஜன் மாறுவதைக் காட்டும் படம் அது. பாளையங்கோட்டையில் மருத்துவமோ பிசியோதெரபியோ படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இது ஆராய்ச்சிப் படம். ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று இதை வைத்து முடிவு சொல்லிவிடாதீர்கள்.

படி 1: முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் ஆச்சி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெறிமுறைக் குழு அனுமதியும் ஆச்சியின் சம்மதமும் முதலில். பேஸ்மேக்கர் உண்டா, பழைய ஆபரேஷனில் கிளிப் வைத்தார்களா என்று கேளுங்கள். மூக்குத்தித் திருகு இறுகியிருக்கும், வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். தாலிச் சங்கிலிக்கு மாற்றாக ஒரு மஞ்சள் கயிறு கையோடு இருக்கட்டும். பாதித் தயக்கம் அதிலேயே போய்விடும்.

படி 2: பார்க்கின்சனுக்கான மாத்திரையான லெவோடோபாவைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று குறியுங்கள். மாத்திரையை நிறுத்திப் படம் எடுப்பதெல்லாம் நரம்பியல் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

படி 3: இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 30 வினாடி கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது, 30 வினாடி ஓய்வு. இப்படிச் சில சுற்று. "ஆச்சி, பச்சை வந்தா விரலைத் தொடுங்க, சிவப்பு வந்தா சும்மா இருங்க" என்று வெளியிலேயே பழக்குங்கள். எல்லோருக்கும் ஒரே வேகம் இருக்க பீப் ஒலி வையுங்கள். நோயாளி மெதுவாகத் தொட்டால், வேகத்தின் வித்தியாசத்தை நோயின் வித்தியாசம் என்று எண்ணிவிடுவோம். தலையின் இருபுறமும் ஸ்பாஞ்ச் வையுங்கள். கை நடுக்கம் தலைக்கு ஏறி, ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெடும்.

படி 4: மென்பொருளில் தலை அசைவைத் திருத்திய பிறகு, விரல் அசைந்த நேரத்தை ஓய்வோடு ஒப்பிடுங்கள். ரத்த ஆக்சிஜன் மாற்றம் சுமார் 5 வினாடி பிந்தித்தான் உச்சம் தொடும். வலது கை என்றால் இடது இயக்கப் புறணி (அசைவுக்குக் கட்டளையிடும் மூளையின் மேற்பரப்பு), அதே வலது பக்கச் சிறுமூளை, நடுவில் துணை இயக்கப் பகுதி (அசைவைத் திட்டமிட உதவும் இடம்), ஆழத்தில் புட்டாமென் (அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்பணுத் தொகுதி) ஆகியவற்றைத் தேடுங்கள்.

பார்க்கின்சனில் டோபமைன் என்ற, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் முதலில் குறைவது புட்டாமெனின் பின்பகுதியில். பழகிப்போன வேலைகளை நடத்துவதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பேசிக்கொண்டே பீடி சுற்றிய கை, இப்போது ஒவ்வொரு மடிப்புக்கும் கவனம் கேட்பது அதனால்தான். பல ஆய்வுகளில் சிறுமூளை கூடுதலாக வேலை செய்வதும் தெரிகிறது.

விரலைத் தொடவே முடியாத நோயாளியை விட்டுவிட வேண்டாம். சும்மா படுத்திருக்கும்போதும் இரு பக்க இயக்கப் பகுதிகளின் சமிக்ஞை சேர்ந்தே ஏறி இறங்கும் என்று 1995இல் பரத் பிஸ்வாலும் அவர் குழுவினரும் காட்டினார்கள். அந்த நோயாளியை அசையாமல் ஆறேழு நிமிடம் படுக்கவைத்து, அந்தப் படத்தை எடுங்கள்.