உடைந்த ஃபைபர் கிளாஸ் பம்பரைச் சரிசெய்யும் முறை

நம் ஊர்ப் பட்டறைகளில் பிளாஸ்டிக் பம்பரையும் ‘ஃபைபர்’ என்றே சொல்வதால், வேலையைத் தொடங்கும் முன் உங்கள் பம்பர் உண்மையிலேயே ஃபைபர் கிளாஸ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரோடு வரும் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஃபைபர் கிளாஸ் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசின் அவற்றில் பிடிக்காது. அழகுக்காகப் பிற்பாடு வாங்கிப் பொருத்தும் பம்பர்களில்தான் ஃபைபர் கிளாஸ் மிகுதி. அதன் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும்; நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும்; எமரி தாளால் தேய்த்தால் பிளாஸ்டிக்கைப் போல இழுபடாமல் மாவாக உதிரும்.

விரிசலையும் கையளவு ஓட்டையையும் சரிசெய்துவிடலாம். போல்ட் பிடிக்கும் இடங்கள் இருபுறமும் பிய்ந்திருந்தாலோ, துண்டுகள் தொலைந்து வளைவின் உருவமே தெரியாமல் போயிருந்தாலோ, புதிய பம்பர் வாங்குவதே நல்லது.

பழுதுபார்த்த பம்பரின் பலமெல்லாம் உட்புறத்தில்தான் இருக்கிறது. முன்பக்கம் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். வண்டியின் அதிர்வில் அதே கோட்டில் மறுபடியும் வெடித்துவிடும். ஆகவே பம்பரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிட்டு, முன்பக்கம் டேப் ஒட்டி விளிம்புகளைச் சமமாகப் பிடித்துக்கொண்டு, உட்புறத்தை 80ஆம் எண் எமரி தாளால் சரிவாகத் தேயுங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு விரிசலின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 35 மி.மீ. அகலம் சரிவு வேண்டும். கண்ணாடித் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல் என்பதால் முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். பிறகு தூசியைத் தட்டி, அசிட்டோனால் துடையுங்கள்.

100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம் போதும். வெயில் காலத்தில் 1 கிராமைத் தாண்டினால் பூசி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கடையில் தனியாகக் கொடுத்தால், முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சரிவின் மேல் ரெசினைத் தடவி, கண்ணாடி நார் மேட்டை (நார் விரிப்பை) ஒன்றைவிட ஒன்று பெரிதாக இரண்டு மூன்று அடுக்கு வையுங்கள். பிரஷை இழுக்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். இழுத்தால் நார் பிரிந்து பிரஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட், ரெசின் ஊறியதும் கண்ணாடிபோலத் தெளியும். எங்கே வெள்ளை மிஞ்சியிருக்கிறதோ அங்கே காற்று நிற்கிறது என்று பொருள், அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள்.

மறுநாள் டேப்பை எடுத்து, முன்பக்க விரிசலை ஆழமில்லாத பள்ளமாகத் தேய்த்து, கத்தரித்த நார் கலந்த ரெசினால் நிரப்புங்கள். அது இறுகியபின் மெல்லிய பட்டி, 180, 320 எண் தாள்கள், பிரைமர், பெயிண்ட் என்ற வரிசை வழக்கமானதே. பம்பரை மாட்டும்போது போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷர் போடுங்கள். துளை நேராக வராவிட்டால் இழுத்து முறுக்காமல், துளையைச் சற்று நீளமாக அராவிக்கொண்டு பொருத்துங்கள்.