ஏபிஎஸ் வீல் சென்சார் சர்க்யூட்டைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் விளக்கு மீட்டர் போர்டில் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் சி0035 என்று வருகிறது. உடனே இடது முன் சக்கரத்துக்கு, அதன் வேகத்தை அளக்கும் புது சென்சார் வாங்கி மாட்டுவதுதான் பல பட்டறைகளில் நடக்கும் முதல் தவறு. அந்தக் கோட் சொல்வது அந்தச் சக்கரத்தின் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டுமே. சர்க்யூட் என்றால் சென்சாரோடு ஒயர், கனெக்டர், ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டரான மாட்யூலின் பின் (இணைப்பு ஊசி) வரை எல்லாம் அடக்கம். சென்சாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, எந்த வகை சென்சார் என்று தெரியாமலே மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்துப் பார்ப்பது. பழைய பேசிவ் வகைக்குள் இருப்பது வெறும் காயில். பெரும்பாலும் 800 முதல் 2500 ஓம்ஸ் வரை காட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் மீட்டரில் ஏசி வோல்ட் ஏறும். இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆக்டிவ் வகை. அதற்குள் சிப் இருப்பதால் ஓம்ஸ் அளவுக்குப் பொருளே இல்லை, மீட்டர் அனுப்பும் மின்சாரம் சிப்பைக் கெடுக்கவும் கூடும். இரண்டிலும் இரண்டு ஒயர்தான் என்பதால் பார்வைக்குப் பிடிபடாது. கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் போட்டு, மாட்யூல் பக்கத்து ஒயரில் வோல்ட் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு அருகில் வந்தால் ஆக்டிவ். சில மாட்யூல்கள் சென்சார் இல்லையென்று கண்டதும் சப்ளையை நிறுத்திவிடும்; அதனால் இக்னிஷனை அணைத்துப் போட்ட கையோடு அளக்க வேண்டும். இதை மறந்து "சப்ளை வரவில்லை, மாட்யூல் போச்சு" என்று முடிவு கட்டினால் செலவு பல மடங்காகும்.

சப்ளை சரியாக இருந்தால் மீட்டரை மில்லியாம்பியரில் வைத்து, ஒரு ஒயரில் மட்டும் தொடராக இணைத்து, சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். சுமார் 7, 14 என்று மாறி மாறி வந்தால் சென்சார் நன்றாக வேலை செய்கிறது.

ஒயரில் பீப் சத்தம் கேட்டாலே நல்லது என்று நம்புவதும் தவறு. உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஸ்ட்ரட் (முன் ஷாக் அப்சார்பர்) அருகே, ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் வளையும் இடத்தில்தான் இழைகள் அறும். இக்னிஷனை அணைத்து இரு முனைக் கனெக்டரையும் கழற்றிய பிறகு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் ஒயரை வளைத்தும் அளவு ஆடுகிறதா பாருங்கள். இரண்டு ஒயருக்கும் இடையிலோ, பாடி எர்த்துக்கோ தொடர்பு இருக்கக் கூடாது. ஊசியால் ஒயர் உறையைக் குத்திச் சோதிக்கவே வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பிடிக்கும். சில மாதத்தில் அதே வண்டி அதே கோளாறோடு திரும்பும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய புரோப் நுழைத்து அளப்பதே சரி.

ஸ்கேனரில் கோட் எதுவும் இல்லை, ஆனால் காய்ந்த சாலையில் நிற்கப் போகும் கடைசி நொடியில் பெடல் படபடக்கிறது என்றால் ஒயரைத் தேடி நேரத்தை வீணாக்காமல் சென்சார் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அடியில் துரு கட்டி சென்சாரைத் தூக்கியிருக்கும். இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில் சிக்னல் முதலில் விழும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஒரு சக்கரம் மட்டும் முன்னதாகவே பூஜ்யத்துக்கு இறங்குவது தெரியும்.

பேரிங் மாற்றிய பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், சென்சார் படிக்கும் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரை நோக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அது பார்க்கச் சாதாரண சீல் போலவே இருக்கும், திருப்பிப் பொருத்தினால் சிக்னலே வராது.

வேலை முடிந்து ஸ்கேனரில் கோட் பதிவை அழித்த பிறகும் சில கார்களில் விளக்கு உடனே அணையாது. மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டிய பிறகே மாட்யூல் சென்சாரை ஏற்கும். ஆனால் மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் சாலைக்கு எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பின் சக்கரங்கள் முன்கூட்டியே பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஈபிடியும் நின்றிருக்கலாம்.